பங்களாவோடு ஒரு லயமும் நிற்கட்டும்

பெறுநர்: கேரள அரசின் சுற்றுலாத் துறை, தொல்லியல் துறை அதிகாரிகள், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு, வண்டிப்பெரியாறு ஊராட்சி மன்றத்தார், இடுக்கி மாவட்டத் தேயிலைத் தோட்ட நிர்வாகங்கள்.

வணக்கம்.

பழைய ஆலைகளையும் கிடங்குகளையும் இடித்துத் தள்ளாமல், புதுப்பித்து மக்கள் வந்து பார்க்க வைக்கும் வேலையைக் கேரளம் நன்றாகவே செய்து வருகிறது. ஃபோர்ட் கொச்சியில் 1867-ல் தொடங்கிய ஆஸ்பின்வால் கம்பெனியின் வளாகம் 2012 முதல் பினாலே கலைக் கண்காட்சியின் முக்கிய இடமாகிவிட்டது. ஆலப்புழையில் மூடிக் கிடந்த கயிறு கம்பெனிக் கட்டடங்கள் 2021-ல் ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் கதவு திறந்தன. மலையிலும் இந்தப் பேச்சு அடிபடுகிறது. பழைய ஃபேக்டரியை அருங்காட்சியகம் ஆக்கலாம், துரை பங்களாவைத் தங்கும் விடுதி ஆக்கலாம், வெள்ளத்தில் போன ரயிலை மறுபடி ஓட்டிப் பார்க்கலாம் என்கிறார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தோடுதான் இந்த மடலை எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: காப்பாற்ற வேண்டியவற்றின் பட்டியலில் தொழிலாளி குடியிருந்த லயத்தையும் சேருங்கள்.

நான் மூணாறு மலையில் ஒரு லயத்தில் பிறந்தவள். தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு மலை ஏறியவர். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா ஃபேக்டரியில் இலையை உலர்த்தும் டிரையர் பக்கம் வேலை பார்த்தார். இப்போது நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். என்னிடம் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் இன்றும் லயத்திலிருந்துதான் வருகிறார்கள்.

ரயிலிலிருந்தே ஆரம்பிக்கிறேன். எல்லோருக்கும் பிடித்தது அதுதான். 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஓடியது ஒற்றைத் தண்டவாள வண்டி. சின்னச் சக்கரங்கள் தண்டவாளத்தில் உருளும், பெரிய சக்கரம் ஒன்று பக்கத்துத் தரையில் உருளும், இழுப்பது மாடு. 1908-ல் அதை எடுத்துவிட்டு இரண்டடி அகல ரயில்பாதை போட்டு இன்ஜின் விட்டார்கள். மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிப் பக்கம் பாட்டம் ஸ்டேஷனுக்கு இறங்கும். அப்புறம் மாட்டு வண்டியில் போடிநாயக்கனூர். போடிக்கு ரயில் வந்ததே 1928-ல்தான், அதனால் போடியைத் தாண்டியும் வண்டிப் பயணம்தான். 1924 ஜூலையில், மலையாளக் கொல்லம் ஆண்டு 1099 கர்க்கடகத்தில் (நம் ஆடி மாதம்), பெய்த மழையில் மலை சரிந்து தண்டவாளமும் பாலங்களும் மூணாறு டவுனும் சேர்ந்து போயின. மலையாளிகள் இன்றும் 'தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்' என்று சொல்வது அதைத்தான். அதோடு அந்த ரயிலின் கதை முடிந்தது. மூணாறு ரயில் நிலையமாக இருந்த கட்டடம் மட்டும் தேயிலைக் கம்பெனி அலுவலகமாக இன்றும் நல்லபடியாக நிற்கிறது. ஒரு பழைய கட்டடத்துக்கு வேறு வேலை கொடுத்தால் அது நிலைக்கும் என்பதற்கு நீங்கள் கொச்சி வரைக்கும்கூடப் போக வேண்டாம்.

அந்த ரயிலின் படங்களை நானும் பார்த்திருக்கிறேன். இன்ஜின் தெரிகிறது, தொப்பி போட்ட துரைமார் தெரிகிறார்கள். பெட்டி ஏற்றியவர்கள், மாடு பத்தியவர்கள், மழைக்குள் நின்று சரிந்த மண்ணை வாரியவர்கள் ஆகியோரின் ஒரு பெயரைக்கூட நான் எங்கும் வாசித்ததில்லை. ரயிலை மறுபடி ஓட்டுவதாக இருந்தால் இந்த இடத்தையும் யோசித்துத்தான் ஓட்ட வேண்டும்.

நல்லதண்ணி எஸ்டேட்டில் 2004-ல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்துக்கு என் மாணவர்களைக் கூட்டிப் போவேன். 1905-ஆம் ஆண்டுத் தேயிலை ரோலர் இருக்கிறது. கன்னிமலை எஸ்டேட்டில் 1920-களில் மின்சாரம் எடுக்கப் பயன்பட்ட பெல்டன் சக்கரம் இருக்கிறது. குண்டளை ரயில் இன்ஜினின் சக்கரம் ஒன்று இருக்கிறது. 1913-ல் செய்த சூரிய கடிகாரம் இருக்கிறது. அதைச் செய்தது திருநெல்வேலிச் சீமையின் நாசரேத் தொழிற்பள்ளி என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு ஒரே பெருமை, ஏனென்றால் அந்தப் பக்கத்து வேர் உள்ள குடும்பங்கள் இங்கே ஏராளம். துரை பங்களாவின் மரக் குளியல் தொட்டி வரைக்கும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அதைக் காப்பாற்றியவர்களுக்கு நன்றி சொல்கிறேன். அதே அக்கறை, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அந்தப் பெண் திரும்பிப் போன வீட்டுக்கும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

லயத்தை வெளியிலிருந்து மட்டுமே பார்த்தவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஐந்தாறு வீடுகள், சில இடங்களில் பத்துக்கு மேலும் போகும். முன்னால் ஒரு திண்ணை. ஒரு அறை. அதன் பின்னால் அடுப்படி. பழைய லயங்களின் சுவர் கருங்கல், மேலே தகரம். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு முனையில் குழந்தை அழுதால் மறுமுனைப் பாட்டி எழுந்து கேட்பாள். கல்யாணப் பேச்சு, சண்டை, இருமல் எதுவுமே ஒரு வீட்டுக்குச் சொந்தமில்லை. அடுப்படி உத்திரத்தைத் தொட்டால் விரலில் கரி தடிமனாக ஒட்டும். கொழுந்துக் காட்டில் வெட்டிய கவாத்துக் கட்டைதான் விறகு, அதன் புகை தலைமுறை தலைமுறையாகப் படிந்த கரி அது. அறையின் நடு உத்திரத்தில் தொட்டில் கட்டிய கயிறு தேய்த்துத் தேய்த்து மரத்தில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். எங்கள் வீட்டு உத்திரத்தில் அப்படி இரண்டு பள்ளங்கள் உண்டு. ஒன்றில் அப்பாவுக்குத் தொட்டில் கட்டியிருக்கிறார்கள், இன்னொன்றில் எனக்கு.

நான் சொல்வது கட்டடக் கலையின் அழகைப் பற்றி இல்லை. ஒரு தொழில் எப்படி நடந்தது என்பதற்குச் சாட்சி இது. வாட வைக்கும் தட்டுகள் மேல்மாடியில் ஏன், சுவர் முழுக்க ஜன்னல் ஏன் என்று ஃபேக்டரி கட்டடம் தானே சொல்லிவிடும்: இலையின் ஈரத்தைக் காற்று எடுத்துக்கொண்டு போக வேண்டும். அதே மாதிரி லயமும் பேசும். வேலைக்காட்டுக்கும் காலையில் பேர் பதியும் மஸ்டருக்கும் பக்கத்திலேயே ஆளை வைத்துக்கொள்ள வேண்டும், விடிவதற்கு முன்பே எழுப்பிவிட வேண்டும், வேலை நின்ற அன்று வீடும் போக வேண்டும். இது எல்லாமே அந்தக் கட்டடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஃபேக்டரியை மட்டும் வைத்துக்கொண்டு லயத்தை அழித்தால் பாதிக் கணக்குதான் மிஞ்சும்.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. தொழில் மரபைப் பாதுகாப்பதற்கென்று 2003-ல் ரஷ்யாவின் நிஷ்னி தாகில் நகரில் ஏற்றுக்கொண்ட சாசனம் ஒன்று உண்டு. ஆலை, சுரங்கம், கிடங்கு, ரயில் இவற்றோடு தொழிலாளர் குடியிருப்பு, வழிபாட்டு இடம், பள்ளி எல்லாமே தொழில் மரபுதான் என்று அது தெளிவாகவே சொல்கிறது. ஸ்காட்லாந்தில் நியூ லனார்க் என்ற பஞ்சாலை ஊர் 1968-ல் ஆலை மூடிய பிறகு இடிந்து போகாமல் காப்பாற்றப்பட்டு, 2001-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அங்கே ஆலையோடு தொழிலாளர் வீடுகளும் நிற்கின்றன. பல வீடுகளைச் சீர்செய்து மக்கள் குடியிருக்கிறார்கள். ஒரு வீட்டைப் பழையபடி வைத்து வருகிறவர்களுக்குக் காட்டுகிறார்கள். இன்னும் பக்கத்தில் பாருங்கள், இலங்கையில் கம்பளைக்கு அருகே ஒரு தோட்டத்தின் பழைய லயத்திலேயே மலையகத் தொழிலாளர்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. நம் மாதிரியே கங்காணி கூட்டிப் போன ஜனங்கள், நம் மாதிரியே லயம். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

சென்னையில் நடந்ததையும் நினைத்துப் பார்க்கலாம். பெரம்பூர் பக்கத்து பின்னி ஆலைத் தொழிலாளர்களை வைத்துத்தான் 1918-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியத் தொழிற்சங்க வரலாற்றில் முதல் வரிசையில் வைக்க வேண்டிய சங்கம் அது. திரு.வி.க. பேசிய வாசல்கள் அவை. ஆலை 1996-ல் மூடியது; அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். அந்த வழியாகப் போகிற ஒரு மாணவனுக்கு இங்கே என்ன நடந்தது என்று காட்ட என்ன மிச்சம் இருக்கிறது? நம் மலைக்கு அந்த நிலைமை வர வேண்டாம்.

இப்போது சிக்கலான இடத்துக்கு வருகிறேன். இதைத் தவறாகப் புரிந்துகொண்டால் நான் கேட்பதே தீங்காகிவிடும். லயத்தைக் காப்பாற்றச் சொல்வதால், அதில் இருக்கிற மக்களை அப்படியே இருக்கச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒழுகுகிற கூரைக்கடியில் ஐந்து பேர் படுத்திருக்கும் அறையைப் பாரம்பரியம் என்று பெயர் வைத்துப் பாதுகாப்பது பாவம். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேரைக் கொண்டுபோனது. தூங்கிக்கொண்டிருந்த குடும்பங்கள், விடுமுறைக்கு வந்த பிள்ளைகள். அந்த ராத்திரிக்குப் பிறகு எங்களில் யாரும் மழைக்காலத்தில் முன்பு போலத் தூங்குவதில்லை. பீர்மேட்டில் 2000-ல் முதலாளிகள் கைவிட்டுப் போன தோட்டங்களின் லயங்களைப் போய்ப் பாருங்கள். பழுது பார்க்க ஆள் இல்லாமல் சுவர் பிளந்து நிற்கின்றன, உள்ளே இன்னும் அடுப்பு எரிகிறது. 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுக்கும் கடமையை நிர்வாகத்தின் மேல் வைத்தது. ஆனால் அந்த வீடு வேலை இருக்கும் வரைக்கும்தான். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு, சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாமல் மலை இறங்கியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே உண்டு.

அதனால் முறை இப்படித்தான் இருக்க வேண்டும்: முதலில் இருப்பவர்களுக்குப் பத்திரமான இடத்தில், பட்டாவோடு வீடு. 1971-ஆம் ஆண்டுக் கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டத்தின்படி அரசு கைக்கு வந்த நிலம் இந்த மலையில் இருக்கிறது. அதில் இவர்களுக்கும் இடம் இருக்க வேண்டும். ஜனங்கள் குடிபோன பிறகு காலியாகும் லயங்களில், மண்சரிவுக்குப் பயம் இல்லாத இடமாகப் பார்த்து, மூணாறில் ஒன்று, வண்டிப்பெரியாறு–பீர்மேடு பக்கம் ஒன்று தேர்ந்தெடுத்துக் காப்பாற்றுங்கள். ஒரு குடும்பத்தைக்கூட வெளியேற்றி அருங்காட்சியகம் வேண்டாம்.

காப்பாற்றுவது என்றால் சிமென்ட் பூசி, ஆரஞ்சு பெயின்ட் அடித்து, முன்னால் செல்ஃபி எடுக்க ஒரு வளைவு வைப்பது இல்லை. கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர் ஈரத்தை உள்ளே இழுத்து வெளியே விடும். அதன் மேல் சிமென்டை அப்பினால் ஈரம் உள்ளேயே நின்று சுவரை அரித்துவிடும். மூணாறு மழைக்கு இது சீக்கிரமே நடக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இன்னும் இருக்கிறார்கள், அவர்களை இப்போதே கூப்பிட வேண்டும். அடுப்படிக் கரியைச் சுரண்ட வேண்டாம். உத்திரத்தை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தொட்டில் கயிற்றுப் பள்ளம் உள்ள கட்டையை எடுத்து உள்ளே வைத்துக் காட்டுங்கள்.

கட்டடத்தைவிட வேகமாக அழிந்துகொண்டிருப்பது காகிதம். ஒவ்வொரு எஸ்டேட் ஆபீசிலும் செக்ரோல் என்று ஒரு பெரிய பேரேடு உண்டு. யார் எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தக் கங்காணி ஆள், எத்தனை நாள் வேலைக்கு வந்ததாகப் பேர் விழுந்தது, எவ்வளவு பிடித்தம் என்று எல்லாமே அதில் இருக்கும். எங்களுக்கு ஊர்ப் பத்திரம், பட்டா, குடும்ப ஏடு எதுவும் கிடையாது. எங்கள் தாத்தா பாட்டி இந்த மலையில் இருந்தார்கள் என்பதற்கு எழுத்தில் உள்ள ஒரே சான்று பெரும்பாலும் இந்தப் பேரேடுதான். ஒரு எஸ்டேட்டில் ஆபீஸ் மாற்றியபோது பழைய செக்ரோல்களை லாரியில் ஏற்றிப் பழைய பேப்பர் கடைக்கு அனுப்பியதை நானே பார்த்தேன். தோட்ட நிர்வாகத்தாரிடம் கையெடுத்துக் கேட்கிறேன்: பழைய செக்ரோல், பிறப்பு இறப்புப் பதிவு, ஆஸ்பத்திரி நோட்டு எதையும் எடைக்குப் போடாதீர்கள். ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். அவர்கள் நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தந்தாலும் சரி.

இயந்திரங்களைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீர்மேடு மலையில் மூடிக் கிடக்கும் ஃபேக்டரிகளில் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போய்க்கொண்டிருக்கிறது. பெல்ஃபாஸ்ட் டேவிட்சன் கம்பெனியின் சிராக்கோ டிரையர், கெயின்ஸ்பரோ மார்ஷல் கம்பெனியின் ரோலர் போன்றவை பழைய இரும்புக் கடைக்குப் போனால் திரும்பக் கிடைக்காது. என்ன இருக்கிறது என்று கணக்கு எடுக்க ஒரு குழு போதும். அந்தக் குழுவில் ஓய்வு பெற்ற டிரையர்மேன், ஃபிட்டர் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த நெம்புகோல் எதற்கு என்று எந்தப் புத்தகத்தையும்விட அவர்களுக்குத்தான் தெரியும். டிரையர் வாயில் வரும் வாசனையை வைத்தே தூள் கருகப் போகிறதா என்று அப்பா சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அதனால்தான் பேச்சைப் பதிவு செய்வதைத் தள்ளிப்போட வேண்டாம் என்கிறேன். கொழுந்துக் கணக்குச் சொல்லும் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி, லயத்து மாரியம்மன் திருவிழாவில் பாடும் கும்மி, எல்லாம் பாட்டிமார் வாயில் இருக்கிறது. 2015 செப்டம்பரும் இந்த வரலாற்றில்தான் சேரும். போனஸ் குறைந்தபோது மூணாறு டவுன் ரோட்டில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஒன்பது நாள் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்கள் யாரும் இல்லாமல், 'பெம்பிளை ஒருமை' (பெண்கள் ஒற்றுமை) என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டு, கேட்ட போனஸை வாங்கினார்கள். அதில் இருந்தவர்கள் இன்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள், கேட்டால் சொல்வார்கள். 1905 ரோலருக்குக் கொடுக்கிற மரியாதை அவர்கள் சொல்லுக்கும் உண்டு.

லயம் அருங்காட்சியகம் ஆனால், அதைக் காட்டுகிற வேலை யாருக்கு என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். அந்த லயத்திலும் அக்கம்பக்கத்திலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் படித்துவிட்டு திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலை தேடிப் போகிறவர்களுக்கு, வழிகாட்டி வேலை கொடுங்கள். டிக்கெட் வருமானத்தில் ஒரு பங்கு ஓய்வு பெற்ற தொழிலாளர் வீட்டுத் திட்டத்துக்குப் போகட்டும். வாசலில் டீக்கடை, சுண்டல் கடை போடுகிறவர்களை 'அழகுபடுத்துகிறோம்' என்று துரத்த வேண்டாம். பக்கத்துக் கோவில், சர்ச், பள்ளிவாசல், இடுகாடு எதையும் வேலி போட்டு அடைக்க வேண்டாம். வருஷா வருஷம் படையல் வைக்க எங்கெங்கோ இருந்து ஜனம் வருகிறது. பலகைகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கட்டும், கூடவே தமிழும் இருக்க வேண்டும். தன் பாட்டி வாழ்ந்த வீட்டைப் பற்றி எழுதியிருப்பதை என் மாணவி நின்று வாசிக்க முடிய வேண்டும்.

இவ்வளவையும் ஒரே பட்ஜெட்டில் கேட்கவில்லை. வரும் கர்க்கடக மழைக்கு முன் இரண்டு காரியங்கள் நடந்தால் போதும். ஒன்று, தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் நிற்கிற பழைய லயம், ஃபேக்டரி, ரயில் மிச்சங்களைத் தொல்லியல் துறை கணக்கெடுக்க வேண்டும். இரண்டு, அந்தக் கணக்கெடுப்பு முடிகிற வரைக்கும் பழைய பேரேடுகளையும் இயந்திரங்களையும் விற்கக் கூடாது என்று நிர்வாகங்களுக்குக் கடிதம் போக வேண்டும். அதற்காக ஊராட்சியில் கூட்டம் போட்டால் ஞாயிற்றுக்கிழமை போடுங்கள். மற்ற நாளில் தொழிலாளர்கள் வர முடியாது, வந்தால் அன்றைய கூலி போய்விடும்.

இந்த மடலைத் தமிழிலேயே அனுப்புகிறேன். கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, இங்குள்ள தமிழர்கள் அரசுக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழிலேயே வர வேண்டும் என்கிறது. உங்கள் பதிலை லயத்தில் உள்ளவர்களுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தோட்டத் தொழிலாளியின் மகளான ஓர் ஆசிரியை,
மூணாறு.